ஐந்து திசுத் துண்டுகள், பதினான்கு நாள்கள்

செயற்கை இடுப்பு மூட்டு வைத்துக்கொண்டவருக்கு ஓராண்டோ ஈராண்டோ கழித்து அதே இடத்தில் வலி திரும்புகிறது. நடந்தால் வலி, இரவில் புரண்டு படுத்தாலும் வலி. பக்கத்துத் தெரு கிளினிக்கில் ஐந்து நாளுக்கு ஆன்டிபயாடிக் எழுதித் தருகிறார்கள். சிலர் மருந்துக்கடையில் தாங்களே கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். வலி தணிகிறது. மாதம் ஒன்று கழிந்ததும் மறுபடி வலி, மறுபடி மாத்திரை. அந்த மாத்திரையால் மூட்டுக்குள் இருக்கும் கிருமி அழிவதில்லை. பிறகு எந்த லேப் தேடினாலும் வளர்த்தெடுக்க முடியாத அளவுக்கு அடங்கிப்போகிறது, அவ்வளவுதான். கடைசியில் நோயாளி பெரிய மருத்துவமனைக்கு வந்து சேரும்போது, எந்தக் கிருமியை எதிர்த்துச் சிகிச்சை செய்கிறோம் என்பதே மருத்துவர்களுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

செயற்கை மூட்டுத் தொற்றைக் கண்டறிவது என்றாலே வெளிநாட்டுக் கருவி, விலை உயர்ந்த சோதனை என்று நினைக்கிறோம். ஆக்ஸ்ஃபோர்டு, பெல்ஃபாஸ்ட், மின்னசோட்டா என்று பல இடங்களில் நடந்த ஆய்வுகளைப் படித்தால் வேறு ஒரு முடிவுக்குத்தான் வர முடிகிறது. மாதிரி எடுக்கும் முன் ஆன்டிபயாடிக்கை நிறுத்துவது, ஒரு துண்டுக்குப் பதில் ஐந்து துண்டு அனுப்புவது, லேபில் அவற்றை இரண்டு வாரம் பொறுத்திருந்து வளர்ப்பது. பெரும்பாலான நோயாளிகளுக்கு விடை கிடைப்பதும் தவறுவதும் இவற்றில்தான் இருக்கிறது. மூன்றும் அரசு மருத்துவமனையிலேயே செய்யக்கூடியவை. இவற்றைச் செய்யாமல் விடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் எனக்குத் தென்படவில்லை.

இடுப்பு மூட்டு மாற்று அறுவை அளவுக்கு மனிதருக்கு நிம்மதி தந்த சிகிச்சைகள் குறைவு. இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் 1962 நவம்பரில் ஜான் சார்ன்லி, உலோகப் பந்தையும் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன் கிண்ணத்தையும் சிமென்ட் வைத்துப் பொருத்தினார். இன்று உலகெங்கும் செய்யப்படும் அறுவைகளுக்கு அதுவே அடிப்படை. அவருடைய தொடக்க கால நோயாளிகளில் நூற்றுக்கு ஏழு பேர் அளவுக்குத் தொற்று வந்தது. காற்றை வடிகட்டி இறக்கும் அடைப்பு, மருத்துவரின் மூச்சுக்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அங்கி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, 1970-க்குள் அதை ஒரு சதவீதத்துக்கும் கீழே இறக்கினார். இப்போது நல்ல மருத்துவமனைகளில் முதல் முறை அறுவையில் தொற்று ஒன்று, இரண்டு சதவீதத்துக்குள் நிற்கிறது. மறு அறுவையில் அதைவிடக் கூடுதல்.

ஒரு சதவீதம் கணக்கில் சிறியது. அந்த நூறில் ஒருவருக்கு நேர்வது சிறியதல்ல. பெரும்பாலும் பொருத்தியதை முழுவதும் கழற்ற வேண்டியிருக்கும். எலும்போடு ஒட்டிய சிமென்ட்டையும் சுரண்டி எடுக்க வேண்டும். ஆன்டிபயாடிக் கலந்த சிமென்ட்டால் தற்காலிக மூட்டு வைத்து, வாரக்கணக்கில் ஊசியும் மாத்திரையும் கொடுத்து, பிறகு புது மூட்டு. அதுவும் தோற்றால் மூட்டே இல்லாமல் விட்டுவிடும் நிலை. கால் குட்டையாகி ஊன்றுகோலோடு எஞ்சிய வாழ்நாள். நம் நாட்டில் இந்த அறுவைக்கு வருகிறவர்களில் முதியவர்கள் மட்டும் இல்லை. தொடை எலும்பின் தலைக்கு ரத்த ஓட்டம் நின்று அது நொறுங்கிப்போன முப்பது, நாற்பது வயதுக்காரர்கள் ஏராளம். முதுகெலும்பும் இடுப்பும் இறுகிப்போகும் வாத நோயால் வரும் இளைஞர்களும் உண்டு. வேலைக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டிய வயதில் இருப்பவர்கள் இவர்கள்.

இவ்வளவு கவனமாகச் செய்யும் அறுவையில் கிருமி எப்படிப் பிழைக்கிறது? 1957-ல் லண்டனில் எலெக், கோனென் என்ற இருவர் தன்னார்வலர்களின் தோலில் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமியைச் செலுத்திப் பார்த்தார்கள். சீழ்க்கட்டி உண்டாகப் பல லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் பட்டுநூல் தையல் ஒன்று இருந்தபோது சில நூறே போதுமாக இருந்தது. உடலுக்குள் ஓர் அந்நியப் பொருள் இருந்தால் கிருமிக்கு அவ்வளவு வசதி. உலோகத்தின் மேல் ஒட்டிக்கொண்டதும் அது தன்னைச் சுற்றிப் பசை போன்ற படலத்தைச் சுரந்து, அதற்குள் கூட்டமாக உறங்குகிறது. பயோஃபிலிம் என்று இதைச் சொல்வார்கள். குளத்துப் படித்துறையில் ஏறிய பாசி எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் போகாமல், தேய்த்தால்தான் பெயரும் அல்லவா, அதுபோலத்தான் இதுவும். ரத்தத்தில் வரும் மருந்து பெரும்பாலும் படலத்தின் மேலே வழிந்து போகிறது. மூட்டில் ஊறும் நீரிலோ சுற்றியுள்ள திசுவிலோ மிதக்கும் கிருமிகள் சொற்பம். லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சாதாரணக் கல்ச்சர் தேடுவது அந்தச் சொற்பத்தைத்தான்.

அறுவை முடிந்த சில வாரங்களில் காய்ச்சலும் சீழுமாக வரும் தொற்று யார் கண்ணுக்கும் தெரியும். தோலில் துளை விழுந்து மூட்டிலிருந்து நீர் கசிந்தால் அதற்கு மேல் சான்றே வேண்டாம். சிக்கல் மற்ற வகையில்தான். காய்ச்சல் இல்லை, சிவப்பு இல்லை, சீழ் இல்லை, வலி மட்டும். எக்ஸ்ரேயில் மூட்டு கொஞ்சம் தளர்ந்ததுபோல் தெரிகிறது. தேய்மானத்தால் தளர்ந்த மூட்டும் அப்படித்தான் தெரியும், கிருமியால் தளர்ந்த மூட்டும் அப்படித்தான் தெரியும். முன்னதற்குத் தளர்ந்த பாகத்தை மாற்றினால் போதும். பின்னதற்கு மேலே சொன்ன நெடும் பாடு. கிருமியை வெறும் தளர்ச்சி என்று நினைத்துப் புது மூட்டைப் பொருத்தினால், கிருமி இருக்கும் குழியிலேயே லட்ச ரூபாய் உலோகத்தை இறக்கியதாக ஆகும். அது மறுபடி தளரும். மாறாக, வெறும் தளர்ச்சியைத் தொற்று என்று நினைத்தால், தேவையில்லாமல் ஒரு மனிதர் மூட்டு இல்லாமல் வாரக்கணக்கில் படுத்துக் கிடப்பார்.

ரத்தச் சோதனைகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் எந்த ஊரிலும் கிடைக்கும், முதலில் செய்ய வேண்டியவையும்கூட. ஆனால் வீரியம் குறைந்த தோல் கிருமிகள் மூட்டில் தங்கியிருக்கும்போது சி.ஆர்.பி. சாதாரணமாகவே இருக்கலாம். ‘ரத்தத்தில் ஒன்றுமில்லை, ஆகவே தொற்று இல்லை’ என்று ஒரு வலியை முடித்துவைப்பது தவறு.

அடுத்த படி மூட்டு நீர். முழங்கால்போல் இடுப்பு மூட்டு கைக்கு எட்டும் ஆழத்தில் இல்லை. ஸ்கேன் அல்லது எக்ஸ்ரே பார்த்தபடி நீண்ட ஊசியைச் செலுத்த வேண்டும். மரத்துப்போகும் மருந்தைத் தோலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மூட்டுக்குள் விடக் கூடாது. அந்த மருந்துக்கே கிருமியை முடக்கும் குணம் உண்டு. நீர் வராவிட்டால் சலைனை உள்ளே செலுத்தி உறிஞ்சுவார்கள். அப்படி எடுத்ததில் அணுக்களின் எண்ணிக்கை நீர்த்துப்போயிருக்கும் என்பதை லேபுக்கு எழுதி அனுப்ப வேண்டும்.

இங்கே ஓர் எண்ணை எல்லா மருத்துவர்களும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். சொந்த மூட்டில் சீழ் பிடித்தால் ஒரு மைக்ரோலிட்டர் நீரில் வெள்ளையணுக்கள் 50,000-ஐத் தாண்டும் என்று கல்லூரியில் படித்திருப்பார்கள். செயற்கை மூட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. 2013-ல் பல நாட்டு நிபுணர்கள் பிலடெல்ஃபியாவில் கூடி ஒத்துக்கொண்ட அளவுகோலின்படி, அறுவை முடிந்து பல மாதங்கள் ஆனவருக்கு 3,000 அணுக்களும் அவற்றில் 80 சதவீதம் நியூட்ரோபிலும் இருந்தாலே சந்தேகம் வலுக்கிறது. 4,000 என்று வந்த அறிக்கையை ‘பெரிதாக ஒன்றுமில்லை’ என்று கோப்பில் வைத்துவிட்டால், அந்த நோயாளியின் அடுத்த இரண்டு ஆண்டுகள் வீண். இன்னொன்றும் உண்டு. 2010 வாக்கில் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டவை உள்ளிட்ட, உலோகத்தோடு உலோகம் உரசும் மூட்டுகளில் உலோகத் துகள் கலந்த நீர் பார்வைக்குச் சீழ் போலவே இருக்கும். எண்ணும் இயந்திரம் துகளையும் அணுவாக எண்ணிவிடும். அந்த நீரை மனிதர் ஒருவர் நுண்ணோக்கியில் பார்த்துத்தான் எண்ண வேண்டும். சிறுநீர் சோதனைக்கு வைத்திருக்கும் லூக்கோசைட் எஸ்ட்ரேஸ் பட்டையில் மூட்டு நீரின் ஒரு சொட்டை விட்டால் நிறம் மாறுவதும் உதவும். ரத்தம் கலந்திருந்தால் சுழற்றித் தெளிய வைத்துவிட்டுச் செய்ய வேண்டும். ஆல்ஃபா டிஃபென்சின் என்ற புரதத்தைக் காட்டும் சோதனை துல்லியமானது, விலையும் அதற்கேற்ற விலை. ஆனால் கிருமி இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும், எந்தக் கிருமி என்று சொல்லாது.

இனி அறுவை அரங்கு. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டிய விஷயம் இங்கேதான் இருக்கிறது.

ஆக்ஸ்ஃபோர்டில் எலும்புத் தொற்றுக்கென்றே இயங்கிய பிரிவு ஒன்றில், பிரிட்ஜெட் அட்கின்ஸும் சகாக்களும் 17 மாதங்களில் மூட்டு மறு அறுவைக்கு வந்த 334 பேரிடம் ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள்: எத்தனை திசுத் துண்டு அனுப்பினால் விடையை நம்பலாம்? 1998-ல் வெளியான அந்த ஆய்வில் கணக்கில் எடுக்க முடிந்தவர்கள் 297 பேர். அவர்களில் தொற்று உறுதியானவர்கள் 41 பேர். அந்த 41 பேரிடமிருந்து அனுப்பிய திசுத் துண்டுகளில் 65 சதவீதத்தில்தான் கிருமி வளர்ந்தது. தொற்று உறுதியாக இருக்கும் ஒருவரின் மூட்டிலிருந்து ஒரே ஒரு துண்டை அனுப்பினால், மூன்றில் ஒரு வாய்ப்பு அளவுக்கு அந்தத் துண்டு ‘கிருமி இல்லை’ என்று சொல்லிவிடும் என்று இதற்குப் பொருள்.

அதோடு முடிந்தால்கூடப் பரவாயில்லை. மறுபக்கமும் இருக்கிறது. செயற்கை மூட்டில் தங்கும் கிருமிகளில் முக்கியமானவை ஸ்டெஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், க்யூட்டிபாக்டீரியம் ஆக்னேஸ் போன்றவை. இவை உங்கள் தோலிலும் என் தோலிலும் அறுவை உதவியாளரின் தோலிலும் எப்போதும் இருப்பவை. லேபில் மூடியைத் திறக்கும் கையிலிருந்தும் ஒன்று விழலாம். ஆகவே ஒரே ஒரு துண்டை அனுப்பி, அதில் எபிடெர்மிடிஸ் வளர்ந்தது என்று அறிக்கை வந்தால், அது மூட்டிலிருந்து வந்ததா, தற்செயலாக விழுந்ததா? சொல்ல வழியே இல்லை. ஒரு துண்டில் வளரவில்லை என்றாலும் நம்ப முடியாது, வளர்ந்தது என்றாலும் நம்ப முடியாது. செலவழித்துச் செய்த சோதனையால் யாருக்கும் பயன் இல்லை.

ஐந்தாறு துண்டுகள் அனுப்பும்போது நிலைமை அடியோடு மாறுகிறது. தற்செயலாக விழும் கிருமி ஒரு குப்பியில் விழும்; தனித்தனியாக எடுத்த மூன்று குப்பிகளில் ஒரே வகைக் கிருமி, ஒரே மருந்துகளுக்குக் கட்டுப்படும் கிருமி, விழுவது ஏறக்குறைய நடக்காத காரியம். மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட துண்டுகளில் பிரித்தறிய முடியாதபடி ஒரே கிருமி வளர்ந்தால் தொற்று என்று தயங்காமல் சொல்லலாம் என்பதுதான் ஆக்ஸ்ஃபோர்டு குழு சொன்னது. அந்த அளவுகோல் தொற்று இல்லாதவரைத் தொற்று உள்ளவராகக் காட்டியது ஆயிரத்துக்கு நான்கு பேர் என்ற அளவில்தான். பின்னாளில் வந்த வரையறைகள் இரண்டு துண்டில் ஒத்துப்போனாலே போதும் என்கின்றன. அறுவை நடக்கும்போதே கிராம் சாயம் ஏற்றிப் பார்க்கும் பழக்கத்தைக் கைவிடலாம் என்றும் ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வு சொன்னது. தொற்று உள்ளவர்களில் 12 சதவீதத்தினரிடம் மட்டுமே அது கிருமியைக் காட்டியது. கிராம் சாயத்தில் ஒன்றும் தெரியவில்லை என்ற அறிக்கையைக் கேட்டு அங்கேயே புது மூட்டை இறக்குவது எத்தனை பெரிய துணிச்சல் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குத் தேவையான பொருள் என்ன? கிருமி நீக்கிய ஐந்து கிண்ணியோ குப்பியோ, ஐந்து கத்தி, ஐந்து இடுக்கி. ஒரு துண்டு எடுத்த கருவியால் அடுத்ததைத் தொடக் கூடாது. மூட்டுச் சவ்விலிருந்து ஒன்று, கிண்ணத்துக்கும் எலும்புக்கும் நடுவிலிருந்து ஒன்று, தொடை எலும்புக்குள் இறங்கும் தண்டின் பக்கத்திலிருந்து இரண்டு என்பதுபோல வெவ்வேறு இடங்களில், சீழோ நிறமாற்றமோ தெரியும் இடங்களைத் தேடி எடுக்க வேண்டும். பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்புவது பயனற்றது. தோல் துளையிலிருந்து துடைத்து அனுப்புவது அதைவிட மோசம். மேலே குடியேறிய கிருமியைக் காட்டி, உள்ளே இருக்கும் கிருமியை மறைத்துவிடும். இன்னொரு துண்டு நோயியல் துறைக்குப் போக வேண்டும். திசுவில் நியூட்ரோபில் கூட்டம் இருக்கிறதா என்று நுண்ணோக்கியில் தேடும் நோயியல் மருத்துவரின் கண், கல்ச்சர் தவறவிட்ட தொற்றைப் பல முறை பிடித்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு ஆய்விலேயே உண்மையை உரசிப் பார்க்கும் அளவுகோலாக வைத்துக்கொண்டது அந்தக் கண்ணைத்தான்.

துண்டுகள் லேபுக்கு வந்த பிறகு பொறுமை வேண்டும். சாதாரணச் சீழ்க் கல்ச்சரை இரண்டு, மூன்று நாள் பார்த்துவிட்டு ‘வளர்ச்சி இல்லை’ என்று முடிப்பது லேபுகளின் வழக்கம். அந்த வழக்கம் மற்ற நோய்களுக்குச் சரி. பயோஃபிலிமில் உறங்கிய கிருமி மெதுவாகத்தான் விழிக்கும். ஜெர்மனியில் இடுப்பு, முழங்கால் மறு அறுவைக்கு வந்த 284 பேரின் மாதிரிகளை இரண்டு வாரம் வளர்த்துப் பார்த்தார்கள். 2008-ல் வெளியான அந்த ஆய்வில், ஏழாம் நாளோடு நிறுத்தியிருந்தால் தொற்றுகளில் 73.6 சதவீதம்தான் அகப்பட்டிருக்கும். மீதி இரண்டாவது வாரத்தில் வளர்ந்தவை. மூன்றாம் நாள் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு நோயாளிக்குத் தொற்று இல்லை என்று யாராவது சொல்லும் ஒவ்வொரு முறையும் இந்த எண் என் நினைவுக்கு வருகிறது. இத்தனை நாள் வைத்தால் வெளியிலிருந்து விழுந்த கிருமியும் வளர்ந்து குழப்புமே என்று லேப்காரர்கள் கேட்பது நியாயம்தான். அதற்கும் விடை அந்த ஐந்து குப்பிகள்தான்: எத்தனை குப்பியில் வளர்ந்தது என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

கழற்றிய மூட்டையே லேபுக்கு அனுப்பினால் என்ன என்று யோசித்தவர்கள் பெல்ஃபாஸ்ட்காரர்கள். படலம் இருப்பது உலோகத்தின் மேல்தானே. 120 இடுப்பு மூட்டுகளைக் கழற்றி, மீயொலி அதிர்வு தரும் தொட்டியில் வைத்து, உதிர்ந்ததை ஆக்சிஜன் படாமல் வளர்த்தார்கள். 26 மூட்டுகளில் கிருமி கிடைத்தது; திசுக் கல்ச்சர் காட்டியது ஐந்தில் மட்டும். இதுவும் 1998-ல் வெளிவந்ததுதான். அமெரிக்காவின் மின்னசோட்டாவில் உள்ள மேயோ கிளினிக்கில் டிராம்பூஸ், ராபின் பட்டேல் குழுவினர் இதைச் செம்மைப்படுத்தினார்கள். முதலில் பிளாஸ்டிக் பையில் போட்டு அதிரவைத்தபோது, பையில் நுண்துளை விழுந்து தொட்டித் தண்ணீரின் கிருமி உள்ளே புகுந்துவிட்டது. அதை மறைக்காமல் எழுதிவிட்டு, கெட்டியான டப்பாவுக்கு மாறினார்கள். 2007-ல் 331 பேரிடம் அவர்கள் கண்டது: தொற்று உள்ள 79 பேரில் திசுக் கல்ச்சர் 60.8 சதவீதத்தினரைக் காட்டியது, அதிர்வு முறை 78.5 சதவீதத்தினரைக் காட்டியது.

அதே ஆய்வில் இன்னொரு வரி இருக்கிறது. அறுவைக்கு முந்தைய 14 நாள்களுக்குள் ஆன்டிபயாடிக் சாப்பிட்டிருந்தவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது, திசுக் கல்ச்சரின் திறன் 45 சதவீதமாகச் சரிந்தது. பாதிப் பேருக்கு மேல் தவறிப்போனார்கள். அதே மேயோ கிளினிக்கின் 897 தொற்றுகளைப் புரட்டிய வேறோர் ஆய்வில் எந்தக் கல்ச்சரிலும் கிருமி கிடைக்காதவர்கள் 60 பேர். அவர்களில் 32 பேர் ஏற்கெனவே ஆன்டிபயாடிக் சாப்பிட்டவர்கள். அங்கே மருத்துவர் சீட்டு இல்லாமல் மாத்திரை கிடைக்காது. இங்கே நிலைமை என்னவென்று வாசகருக்குத் தெரியும். மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் உள்ளிட்ட மருந்துகளைச் சீட்டோடு மட்டுமே விற்க வேண்டும், வாங்கியவர் விவரத்தைத் தனிப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற எச்-1 அட்டவணை விதி 2014-லேயே அமலுக்கு வந்துவிட்டது. விதி இருந்தும் மாத்திரை கைமாறிக்கொண்டுதான் இருக்கிறது.

மரபணுச் சோதனைகளைப் பற்றியும் கேட்பார்கள். எல்லா பாக்டீரியாவுக்கும் பொதுவான 16எஸ் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர்., கிடைத்த டி.என்.ஏ. அனைத்தையும் படிக்கும் வரிசைப்படுத்தல் ஆகியவை ஆன்டிபயாடிக் சாப்பிட்டவரிடமும் கிருமியைக் காட்டலாம். ஆனால் செத்த கிருமியையும் காட்டும், வெளியிலிருந்து விழுந்த துணுக்கையும் காட்டும். எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பதை முழுமையாகச் சொல்லாது. ஐந்து துண்டு எடுக்கத் தெரியாத அரங்கில் இந்தக் கருவியை வாங்கி வைப்பதால் பயன் இல்லை.

கிருமியின் பெயருக்கு ஏன் இத்தனை பாடு என்று கேட்டால், சிகிச்சை முழுவதும் அந்தப் பெயரில்தான் நிற்கிறது. ஆன்டிபயாடிக் சிமென்ட்டில் எதைக் கலப்பது என்பதை அறுவைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். இறுகிய சிமென்ட்டில் மருந்தை மாற்ற முடியாது. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் பல பத்தாண்டுகளாகச் செய்வதுபோல, கழற்றுவதையும் பொருத்துவதையும் ஒரே அறுவையில் முடித்துவிடலாம். நோயாளிக்கு ஓர் அறுவை மிச்சம், மாதக்கணக்கில் படுக்கை மிச்சம். அதற்கு அவர்கள் வைக்கும் நிபந்தனைகளில் முதன்மையானது, கிருமி எது என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும் என்பது. ஆன்டிபயாடிக் ஆறு வாரமா, பன்னிரண்டு வாரமா என்று பிரான்சில் ஒப்பிட்டார்கள். 2021-ல் வந்த முடிவின்படி, ஆறு வாரம் எடுத்தவர்களில் 18.1 சதவீதத்தினருக்குத் தொற்று நீடித்தது. பன்னிரண்டு வாரம் எடுத்தவர்களில் 9.4 சதவீதம். மூன்று மாதம் ஒருவரை மருந்து சாப்பிட வைக்கும்போது, அது குத்துமதிப்பான மருந்தாக இருக்கலாமா?

ரிஃபாம்பிசின் விஷயத்தில் இது இன்னும் கூர்மையாகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸின் படலத்துக்குள் நுழைந்து வேலை செய்யும் மருந்துகளில் இதற்கு ஈடு குறைவு. சுவிட்சர்லாந்தில் சிம்மர்லி குழு 1998-ல் வெளியிட்ட ஆய்வில், உலோகம் உள்ளே இருக்கும்போதே தொடக்க நிலைத் தொற்றுக்குச் சிகிச்சையை முழுமையாக முடித்தவர்களில், சிப்ரோஃப்ளாக்சசினோடு ரிஃபாம்பிசின் சேர்த்தவர்கள் 12 பேரில் 12 பேரும் குணமானார்கள். சேர்க்காதவர்கள் 12 பேரில் ஏழு பேர்தான். நம் நாட்டில் இதே மருந்துதான் காசநோய் சிகிச்சையின் முதுகெலும்பு. செயற்கை மூட்டில் காசநோய் அரிது, ஆனால் இல்லாதது இல்லை. நம் நாட்டில் அதை நினைவில் வைக்காமல் இருக்கவே முடியாது. கிருமி எதுவென்று தெரியாமல், ஸ்டெஃபிலோகாக்கஸாகத்தான் இருக்கும் என்ற ஊகத்தில் ரிஃபாம்பிசினும் லீவோஃப்ளாக்சசினும் கொடுத்து, உள்ளே இருந்தது காசநோய்க் கிருமியாக இருந்தால், இரண்டு அருமையான மருந்துகளை எதிர்த்து நிற்க அதற்குப் பயிற்சி கொடுத்துவிடுகிறோம். ஐந்து துண்டுகளோடு ஆறாவதாக ஒன்றைக் காசநோய்க் கல்ச்சருக்கும் ஜீன் எக்ஸ்பர்ட் சோதனைக்கும் அனுப்பினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் கீழ் அந்த இயந்திரம் மாவட்டங்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் மூட்டு மாற்று அறுவை செய்துகொள்ள முடிகிறது. ஏழைக் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. அந்த உதவி முழுமை பெற வேண்டுமானால், மறு அறுவைக்கான தொகையில் மூட்டு நீர்ச் சோதனை, ஐந்து திசுக் கல்ச்சர், நோயியல் சோதனை ஆகியவற்றைத் தனி வரியாகவே எழுதிச் சேர்க்க வேண்டும். மொத்தத் தொகைக்குள் அடக்கிவிட்டால், முதலில் கழிபடுவது ஐந்தில் நான்கு குப்பிகளாகத்தான் இருக்கும். எலும்பு அறுவை மருத்துவரும் நுண்ணுயிரியல் மருத்துவரும் ஒரே கட்டடத்தில் இருந்தும் சோதனைச் சீட்டு வழியாக மட்டுமே பேசிக்கொள்ளும் நிலையும் மாற வேண்டும். சீட்டில் ‘திசு, கல்ச்சர்’ என்று மட்டும் எழுதி அனுப்பினால், லேபில் இருப்பவர் மூன்றாம் நாள் தட்டைத் தூக்கிப்போடுவதில் குற்றம் சொல்ல முடியாது. ‘செயற்கை இடுப்பு மூட்டு, 14 நாள் வைக்கவும், கடைசி ஆன்டிபயாடிக் எடுத்த தேதி இது’ என்று எழுத ஒரு நிமிடம் ஆகாது.

எண்ணிக்கை பற்றியும் சொல்ல வேண்டும். சுவீடன் தன் இடுப்பு மூட்டு அறுவைகளை 1979-லிருந்து பதிவு செய்கிறது. இங்கிலாந்து, வேல்ஸின் தேசியப் பதிவேடு 2003-ல் விவரம் சேர்க்கத் தொடங்கியது. எந்த மூட்டு எத்தனை ஆண்டு தாங்கியது, எது தொற்றால் கழற்றப்பட்டது என்று அவர்களால் சொல்ல முடிகிறது. இந்தியாவில் இடுப்பு, முழங்கால் அறுவை மருத்துவர்களின் சங்கம் பதிவேடு ஒன்றை நடத்துகிறது; விரும்புகிறவர்கள் தருவார்கள், விரும்பாதவர்கள் தர வேண்டியதில்லை. அரசுக் காப்பீட்டில் பணம் பெறும் ஒவ்வொரு மூட்டு அறுவையும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும் என்று ஓர் ஆணை பிறப்பித்தால் போதும். கழற்றிய மூட்டுகளுக்கு எதிரே எத்தனை மாதிரி அனுப்பப்பட்டது, எத்தனையில் வளர்ந்தது, எந்தக் கிருமி என்ற மூன்று கட்டங்களையும் அதில் சேர்த்துவிட்டால், எந்த மருத்துவமனையில் எது குறைகிறது என்பது ஓராண்டிலேயே தெரிந்துவிடும்.

மூட்டு மாற்று அறுவை முடிந்து வீட்டுக்குப் போகும் ஒவ்வொருவரின் டிஸ்சார்ஜ் அட்டையிலும் தமிழில் பெரிய எழுத்தில் இது அச்சிடப்பட வேண்டும்: ‘இந்த மூட்டில் வலியோ வீக்கமோ கசிவோ வந்தால், எங்களிடம் காட்டும் முன் ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டாம்.’ கீழே ஒரு தொலைபேசி எண். ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருப்பவர் என்றால், உடல்நிலை இடம் கொடுத்தால், நிறுத்தி இரண்டு வாரம் கழித்து மாதிரி எடுப்பதே சரி. இதற்கு ஒரு விலக்கு உண்டு. கடும் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்து, ரத்த அழுத்தம் இறங்கி, ஆள் தடுமாறினால் அங்கே இரண்டு வாரம் என்ற பேச்சே கிடையாது. ரத்தக் கல்ச்சருக்கு இரண்டு முறை ரத்தம் எடுத்து, முடிந்தால் மூட்டு நீரையும் எடுத்துக்கொண்டு, அந்த மணி நேரத்திலேயே மருந்தைத் தொடங்கிவிட வேண்டும்.